நீ விரல் காட்டிய பிஞ்சு

பாப்பா, காய்த்துவிட்டது, நீ விரல் காட்டிய அந்தக் கொடி கொத்துக் கொத்தாகக் காய்த்துவிட்டது, இன்று காலை நானே திருப்போரூர் போய் என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு, ஸ்கூட்டரை நிறுத்திய கையோடு சேற்றுக் காலைக் கூடக் கழுவாமல் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்!

நீ இப்போது பொத்தேரியில் உன் ஆபீஸில் இருப்பாய். மதியச் சாப்பாடு முடித்துவிட்டு, மேனேஜர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, நைனா இன்றைக்கு என்ன உளறியிருக்கிறார் என்று இந்த வலைப்பூவைத் திறப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்று, "போன்ல சொன்னா ஆவாதா? இன்னாத்துக்கு ஊருக்கே தண்டோரா போட்டுகினு கீற?" என்கிறாள். போனில் சொல்லலாம்தான். ஆனால் உன்னிடம் போனில் பேசினால் பஸ் சத்தத்தில் பாதி போய்விடும். மீதியை "சரி நைனா, சரி நைனா" என்று சொல்லியே நீ முடித்துவிடுவாய். இது நின்று நிதானமாகச் சொல்ல வேண்டிய சேதி. தவிர, வெள்ளரிக்காய் ஒன்றுக்காகவே நடக்கும் இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் எல்லாம் 'பாப்பா ரெசிப்பி', 'பாப்பா சொன்ன டிப்ஸ்' என்று படித்துப் படித்து உன்னைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைக்கிறார்கள். உன் கதையை ஒருநாள் எழுதட்டுமா என்று கல்யாணத்துக்கு முன்பே கேட்டேன். "எழுது நைனா, போட்டோ மட்டும் போட்டுடாத" என்றாய். போடவில்லை. காயின் போட்டோ மட்டும்தான்.

புதிதாக வந்தவர்களுக்குப் புரிய வேண்டுமே, அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். நீயும் கேள், உனக்குத் தெரியாத பகுதியும் இதில் இருக்கிறது. அப்போது நாம் மாமல்லபுரத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். நீ இரண்டாவது படித்தாய். சாயங்காலம் உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் பொம்மை கேட்க மாட்டாய், பலூன் கேட்க மாட்டாய், வெள்ளரிப் பிஞ்சு கேட்பாய். நாலாகக் கீறி, உள்ளே உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக் கொடுப்பார்களே, அது. கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றுவிட்டு, "இது எங்க நைனா காய்க்கும்? நம்ம வூட்ல காய்க்குமா?" என்று கேட்டாய். அந்த ஒரு கேள்விதான் பாப்பா. இன்றைக்கு எனக்கு ஊர் ஊராக மெயில் வருகிறதென்றால், மலேசியாவிலிருந்து ஒருவர் "அண்ணா, என் காய் ஏன் கசக்குது" என்று கேட்கிறார் என்றால், எல்லாம் நீ மிளகாய்த்தூள் வாயோடு கேட்ட அந்த ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. அதற்கு முதல் நன்றி.

மறுவாரமே திருப்போரூர்ச் சந்தையில் விதை வாங்கி வந்து, மொட்டை மாடியில் உடைந்த சிமென்ட் தொட்டியில் ஊன்றினேன். காலில் சக்கரம் கட்டிய மாதிரி கொடி ஓடியது. காக்காயும் அணிலும் வந்துவிடக் கூடாதே என்று பழைய கொசுவலை இரண்டை ஒன்றாகத் தைத்து, நாலு பக்கமும் செங்கல் வைத்து, பந்தல் முழுக்க மூடிவிட்டேன். எனக்கு ஒரே பெருமை. மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. ஒரு நாள் பூவுக்கு அடியில் உன் சுண்டு விரல் நீளத்துக்கு முள் முளைத்த பிஞ்சு ஒன்று தெரிந்தது. நீ குதித்தாய். கீழ் வீட்டுக்கார அம்மா துணி உலர்த்த வந்தார், அவரிடம் ஓடி, வலைக்கு வெளியே நின்று, விரலை நீட்டி, "தோ பாரு ஆயா, தோ!" என்று காட்டினாய். அந்த அம்மா பதறிப்போய் உன் கையைப் பிடித்து மடக்கினார். "அய்ய, பிஞ்சுக்கு வெரல காட்டாத பாப்பா, வெம்பிப் பூடும்! காட்டணும்னா கைய மடக்கி முட்டியால காட்டு" என்றார். பாசமாகத்தான் சொன்னார். நம் பக்கத்தில் சொல்லாத வீடு உண்டா? நானும் சிறு வயதில் கேட்டு வளர்ந்தவன்தான். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அந்த வாரமே பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சள் அடித்துச் சுருங்கி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று வீட்டுக்கார அம்மா தலையை ஆட்டினார். அன்றிலிருந்து நீ எதையும் விரலால் காட்டவில்லை பாப்பா. உனக்கு நினைவிருக்கிறதா? ஐஸ்கிரீம் கடையில் எந்த ஐஸ் என்று கேட்டால் மோவாயால் காட்டுவாய். பஸ் வந்தால் முழங்கையால். பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதியதை விரலால் தொட்டுப் படிக்கச் சொன்னதற்கு நீ முட்டியால் தொட்டாய் என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நானும் உன் அம்மாவும் வீட்டில் அதை நடித்துக் காட்டிச் சிரித்தோம். குழந்தை விளையாட்டு, வளர்ந்தால் போய்விடும் என்று நினைத்தோம். விளையாட்டு இத்தனை வருஷம் நீடிக்காது என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

நீ ஏழாவது போனபோது காலம் மாறிவிட்டது. டைப்ரைட்டரை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, கடற்கரைக் கோயில் ரோட்டில் பிரவுசிங் சென்டர் போட்டேன். எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை; கெடுத்துக் கெடுத்துத் திருத்தித்தான் கற்றேன். அப்போது நம் ஊரில் தங்கிச் சிற்பம் பழக வந்த ஒரு ஜெர்மன்காரப் பெண் தினமும் மெயில் பார்க்க வருவாள். ஒரு நாள் அவள், எங்கள் ஊரில் வெள்ளரிக்காயை உப்புத் தண்ணீரில் போட்டே ஊறுகாய் ஆக்குவோம், எண்ணெயே கிடையாது, கடித்தால் நொறுக்கென்று சத்தம் வரும் என்றாள். தண்ணீரில் ஊறுகாயா! எண்ணெய் இல்லாமலா! எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை. மறுபடி விதை, மறுபடி தொட்டி. மறுபடி அதே கொசுவலை. பத்திரமாக மடித்து வைத்திருந்தேனே!

இந்த முறை நீ மாடிப் பக்கமே வரவில்லை. கூப்பிட்டால் "படிக்கணும் நைனா" என்பாய். பிஞ்சு விட்டது. மஞ்சள் அடித்தது. விழுந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது படிக்கட்டில் நின்று நீ மெதுவாகச் சொன்னாய்: "நான் வெரல் காட்டல நைனா. சத்தியமா. நேத்து ஒரே ஒரு வாட்டி வந்து, கைய பின்னாடி கட்டிகினுதான் பார்த்தேன். நான் பார்த்தாலே பூடுது போல."

காய் போனால் போகிறது, சந்தையில் கூறு கூறாக விற்கிறது. என் பெண் தன் விரலை மட்டுமில்லை, இப்போது தன் கண்ணையும் சந்தேகப்படுகிறாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு, மூட நம்பிக்கை" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்ப ஏன் நைனா வுயுது?" என்றாய். பதில் தெரியாமல் 'மூட நம்பிக்கை' என்று சொல்வதற்கு ஒரு மதிப்பும் கிடையாது என்பதை அந்தப் படிக்கட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

கடைக்குப் போனேன். அந்த மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தும், ஞாபகமிருக்கிறதா? பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கஸ்டமர் யாருமில்லாத மத்தியான வேளையில், தோட்டக்காரர்கள் கூடிப் பேசும் ஒரு தளத்தைத் தேடிப் பிடித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன்: என் வெள்ளரிப் பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது, என் மகள் தன்னால்தான் என்று அழுகிறாள், தயவுசெய்து உதவுங்கள். உன் அம்மா சாப்பாட்டுக் கேரியரோடு வந்து எட்டிப் பார்த்து, "தண்ணி ஊத்தி வராத காய் கம்ப்யூட்டர்ல எயுதிப் போட்டா வந்துடுமா?" என்று கேட்டாள். இரண்டு நாளில் பதில் வந்தது. எந்த நாடோ, முகம் தெரியாத ஒரு பாட்டியோ, யுவதியோ தெரியாது. மூன்றே வரி. பிஞ்சோடு இருக்கும் பூ பெண் பூ, வெறும் காம்போடு இருப்பது ஆண் பூ. ஆண் பூவின் தூள் பெண் பூவில் ஒட்டினால்தான் பிஞ்சு தங்கும், இல்லாவிட்டால் மஞ்சளாகி விழும். அந்த வேலையைத் தேனீ செய்யும். உங்கள் கொடிக்குத் தேனீ வருகிறதா? உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவள் ஒன்றும் செய்யவில்லை.

தேனீயா! நான் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடி மாடி ஏறினேன். கொசுவலைக்கு வெளியே ஒரு தேனீ சுற்றிச் சுற்றி முட்டிக்கொண்டிருந்தது. பாப்பா, எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. காக்காயிடமிருந்து காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, காயைக் கொடுக்க வந்தவனையே வாசலில் நிறுத்தியிருக்கிறேன். கொசு புகாத வலையில் தேனீ எப்படிப் புகும்? ஊரே பிள்ளையின் விரலைப் பார்த்தது. வலையைப் பார்க்கத்தான் ஆளில்லை.

மறுநாள் காலை உன்னை எழுப்பி மாடிக்குக் கூட்டிப் போனேன். வலையை நானே கிழித்தேன். அந்த மூன்று வரியை உனக்குத் தமிழில் சொன்னேன். நீ நம்பாமல்தான் நின்றாய். ஒரு ஆண் பூவைப் பறித்துக் காட்டினேன். அதன் நடுவில் மஞ்சள் தூள். பிரஷால் எடுத்துத் தடவச் சொல்லியிருந்தார்கள். நம் வீட்டில் பிரஷுக்கு எங்கே போவது? "வெரலாலயே தொட்டு வை கண்ணு" என்றேன். நீ கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாய். "எந்த வெரலு?" என்றாய். "எது வெம்ப வெச்சுதுன்னு சொன்னாங்களோ, அதே வெரலு." பிறகு அந்த ஆட்காட்டி விரலை நீட்டினாய். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அது நீண்டதை நான் பார்க்கிறேன். தூளைத் தொட்டு, பெண் பூவின் நடுவில், தூங்குகிற குழந்தைக்குப் பொட்டு வைப்பது போல வைத்தாய்.

அந்தப் பிஞ்சு தங்கியது. தினம் தினம் பருத்தது. நீ பள்ளிக்கூடம் போகும் முன்பும் பார்த்தாய், வந்த பின்பும் பார்த்தாய். உன் கண்ணும் அதை ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் வீட்டுக்கார அம்மாவையே மாடிக்கு இழுத்து வந்து, விரலை நேராக நீட்டி, "தோ ஆயா!" என்றாய். அவர் கண்ணை விரித்து, "அடி ஆத்தே, தொட்டுக் காய்க்க வெச்சிட்டியே! என் வூட்டு மல்லிய கூட கொஞ்சம் தொட்டு வெச்சிட்டுப் போடி" என்றார். பல நாள் நீ மல்லிகைச் செடியைத் தொட்டுவிட்டு வந்தாய். அதுவும் பூத்தது. அது சும்மாவே பூக்கும் என்று நான் சொல்லவேயில்லை.

காய் வந்தால் ஊறுகாய் போடத்தானே வேண்டும். முதல் தடவை ஜெர்மன்காரப் பெண் சொன்னதை முழுசாக நம்ப முடியாமல், பாதி அவள் முறை, பாதி மாங்காய் முறை என்று உப்புத் தண்ணீருக்கு மேல் நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் போட்டேன். கொழகொழவென்று போய், ஜாடியைத் திறந்ததும் நீயும் அம்மாவும் தெருக்கோடிக்கே ஓடினீர்கள். "இன்னா நைனா இது, எலி செத்த மாதிரி கீது!" என்றாய். இன்றைக்கும் பாதிப் பேர் எழுதிக் கேட்பது இதைத்தான்: ஏன் கொழகொழவென்று போகிறது? அதற்குப் பதிலை நீதான் கண்டுபிடித்தாய். ஒரு காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்புப் பக்கம் கெட்டியாக இருக்கிறது, பூ ஒட்டியிருந்த முனைதான் முதலில் குழைகிறது என்று காட்டினாய். விரலால்! பிறகு நான் படித்துப் பார்த்தால் அது அப்படியே சரி. பூ இருந்த முனையை நகத்தளவு சீவி எறிந்துவிட வேண்டும். பறித்த அன்றே போட வேண்டும். கெட்டியாக நிற்க ஒரு கொய்யா இலை, மேலே பூண்டு, மிளகு, கடுகு, காய்ந்த மிளகாய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று கரண்டி கல்லுப்பு, டேபிள்ஸ்பூன் அளவில். காய் தண்ணீருக்கு மேல் தலை தூக்கக் கூடாது. அதற்குத்தான் அந்தக் கல்.

அந்தக் கல்லை மறப்பேனா! பட்டறையில் சிற்பி ஒருவரிடம் போய், ஜாடி வாய்க்குள் போகிற மாதிரி உருண்டையாக ஒன்று தேய்த்துக் கொடுங்கள் என்றேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாத்த, சாமி செதுக்குற கல்லுல ஊறுகா அமுக்கப் போறியா? நல்லா கீதே உன் பக்தி!" என்றார். நீ இடையில் புகுந்து, "அதுவும் கும்புட்டுகினுதான் சாப்புடுவோம் மாமா" என்றாய். சிரித்துவிட்டு, வழவழவென்று ஒன்றைத் தேய்த்துக் கொடுத்து, காசுக்குப் பதில் ஒரு ஜாடி வாங்கிக்கொண்டார். கொதிநீரில் போட்டுக் கழுவி இன்றைக்கும் அதே கல்லைத்தான் வைக்கிறேன். வழக்கமாகக் கேட்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: மேலே வெள்ளைப் படலம் வந்தால் பயம் வேண்டாம், எடுத்துப் போட்டுவிடலாம்; பஞ்சு பஞ்சாகக் கறுப்போ சிவப்போ முளைத்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். காய் கசந்தால் அது வெயிலில் தண்ணீருக்குத் தவித்த கோபம். காம்புப் பக்கம் கொஞ்சம் கூடவே நறுக்கித் தள்ளுங்கள். முனையை வெட்டி நுரை வரத் தேய்ப்பதால் பெரிய பலன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் உன் அம்மா முன்னால் அதைச் சொல்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். மாசியில் உனக்குக் கல்யாணம் ஆனது. திருப்போரூர்ப் பக்கம் ஏரியை ஒட்டி நிலம் வைத்திருக்கும் குடும்பம். நெல் அறுத்ததும் அதே கொல்லையில் வெள்ளரி போடுகிறவர்கள். பெண் பார்க்க வந்தபோதே நான் மாப்பிள்ளையிடம் சம்பளம் கேட்கவில்லை, என்ன ரகம் போடுகிறீர்கள் என்று கேட்டேன். உன் அம்மா என் காலை மிதித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீ போன ஒரு மாதத்துக்குள், ஒரு சாயங்காலம் உன் போன். "நைனா" என்றாய். அந்த ஒரு வார்த்தையில், படிக்கட்டில் நின்ற அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணின் குரல் எனக்குக் கேட்டுவிட்டது. "பிஞ்சுக்கு வெரல் காட்டிட்டேன் நைனா. அத்தை முன்னாடியே. வேலைக்கு வந்தவங்க அத்தினி பேரும் பார்த்தாங்க. அத்தை 'கைய மடக்கு அம்மாடி'ன்னாங்க." அதோடு, "இப்ப வெய்யில் வேற இப்படி அடிக்குது. பக்கத்துக் கொல்லைல மருந்து அடிச்சாங்க, தேனீயே காணோம். பிஞ்சு கொட்டுச்சுன்னா என் வெரல்தான் நைனா. இந்த வூட்ல ஆயுசுக்கும் என் வெரல்தான்" என்றாய்.

நான் அப்போதே ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். போய் உன் மாமியாரிடம் ஆண் பூ, பெண் பூ எல்லாம் விளக்கிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். உன் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "குந்து. பொண்ணு குடுத்த வூட்ல போய் லெக்சர் அடிக்காத. அவுங்க பாட்டன் காலத்துலேர்ந்து வெள்ளரி போடறவங்க. உனக்குத் தெரிஞ்சது உன் பொண்ணுக்குத் தெரியாதா? அவ பாத்துப்பா" என்றாள். நான் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் பாதி, உன் அம்மா 'குந்து' என்று சொன்னபோது குந்தியதுதான்.

உன்னிடம் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: ஆபீஸ் பஸ்ஸுக்கு முன்னால் காலையில் போ, உனக்குத் தெரிந்ததைச் செய். நீ போயிருக்கிறாய். தினமும் விடிந்ததும் அந்த வரிசையில் உட்கார்ந்து, ஆண் பூவைத் தொட்டுப் பெண் பூவில் வைத்திருக்கிறாய். ஒரு நாள் உன் மாமியார் பின்னாலேயே வந்து நின்று, "இன்னாம்மா பண்ற?" என்று கேட்டாராம். நீ பயந்துகொண்டே சொன்னாயாம். அவர் இடுப்பில் கை வைத்து ஓவென்று சிரித்து, "உனக்குக் கல்யாணம் ஆயி மாசம் கூட ஆவல, அதுக்குள்ள என் கொல்லைல கல்யாண புரோக்கர் வேலை பாக்கறியா!" என்றாராம். இதை நீ எனக்குச் சொன்னபோது நீயும் சிரித்தாய்; ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. காய்க்கும் வரை உனக்கு முழுச் சிரிப்பு வராது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே கதைதான். இத்தனை நாளும் கடையில் யார் என்ன கேட்டாலும் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் உனக்குத் தெரியாத பகுதி. இன்று காலை நீ பஸ் ஏறிப் போன பிறகு உன் மாமியார் போன் செய்தார். "அண்ணா, ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றார், அவ்வளவுதான். உன் அம்மா கூட "இன்னாவாம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். ரோடு முழுக்க என்னென்ன பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன். வரப்பில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். வாங்க என்றார், மோர் கொடுத்தார், வெயிலைப் பற்றிப் பேசினார். என்னால் பொறுக்க முடியவில்லை. "சம்பந்திம்மா, பாப்பா ஏதோ தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியாமயா? எல்லாம் தெரிஞ்சுதான் பண்ணிகீது உங்க பொண்ணு. வந்து பாருங்க" என்று முன்னால் நடந்தார். கொல்லையில் மற்ற வரிசைகளில் தேனீ இல்லாமல் பாதிக்குப் பாதி மஞ்சள் அடித்துக் கிடந்தது. அவர் நடந்துகொண்டே இருந்தார். கடைசி வரிசைக்கு முன்னால் நின்றார். "அதோ பாருங்கண்ணா. அதான் உங்க பொண்ணு வரிசை" என்றார். இலைக்கு அடியில் இலைக்கு அடியில் பச்சைப் பசேலென்று, முள்ளும் பளபளப்புமாகத் தொங்குகிறது பாப்பா! பிஞ்சைத் திரும்பிப் பார்க்கப் பயந்து, பூவை மட்டும் தொட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடும் உனக்கு இது தெரிந்திருக்காது. விழுந்ததும் இரண்டொன்று இருக்கிறது, அது எந்தக் கொடியிலும் விழும். நான் குனிந்து இலை இலையாகத் தூக்கினேன். அப்புறம்தான் பார்த்தேன். உன் மாமியாரின் வலது கை நீண்டிருந்தது. ஆட்காட்டி விரல் நேராக, பிஞ்சைப் பார்த்து நீண்டிருந்தது. அவரும் அப்போதுதான் அதைப் பார்த்தார். ஒரு நொடி திடுக்கிட்டு மடக்கப் போனார். பிறகு மடக்கவில்லை. "போனா போவுது. வெம்பினா காலைல உங்க பொண்ணு வந்து தொட்டுட்டுப் போவட்டும்" என்றார். நாளை முதல் மற்ற வரிசைகளுக்கும் உன்னோடு அவரும் வருகிறாராம். உன்னிடம் சொல்லக் கூடாது, காலையில் முன்னால் போய் உட்கார்ந்து உன்னை ஆச்சரியப்படுத்தப் போகிறேன் என்றார். சம்பந்திம்மா, மன்னித்துவிடுங்கள், என்னால் அடக்க முடியவில்லை.

அவரிடம் ஒரு விஷயம் கேட்டேன். உண்மையாகவே விரல் காட்டினால் வெம்பும் என்று நினைக்கிறீர்களா என்று. "கொயந்தைங்க காட்டும்போது சும்மாவா காட்டுது? தொட்டு, கிள்ளி, பூவைப் பிச்சிப் போட்டுடும். பிஞ்சுத் தோலு கை பட்டா தாங்காது. காட்டாதன்னா தூர நிக்கும், அவ்ளோதான். அப்புறம் சொல்லிச் சொல்லி எங்களுக்கே பயமா பூட்ச்சி" என்றார். இத்தனை வருஷம் நான் அந்தப் பேச்சைக் கோபத்தோடே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள்ளும் ஒரு பிஞ்சைக் காப்பாற்றுகிற எண்ணம்தான் இருந்திருக்கிறது. நான் கட்டிய கொசுவலை மாதிரியே. அவருக்கு என் நன்றி. உன் கையை அன்று மடக்கிய வீட்டுக்கார அம்மாவுக்கும், மூன்று வரி எழுதிய அந்த முகம் தெரியாதவருக்கும் நன்றி. எல்லாவற்றுக்கும் மேலாக உனக்கு. பயந்த விரலையே மறுபடி நீட்டினாயே, அதற்கு. புது வீட்டில் இனி ஏதாவது ஒன்று வாடினால், உன் விரலை முதலில் பார்க்காதே கண்ணு. சுற்றி எங்கே வலை கட்டியிருக்கிறது என்று பார். வலை கட்டினவன் உன் நைனாவாகவும் இருக்கலாம்.

இதைப் படிக்கிற மற்ற எல்லோருக்கும்: சம்பந்தியம்மா வருகிற ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பறித்து ஒரு மூட்டைக் காய் தருகிறாராம். அன்று காலை கடற்கரைக் கோயில் ரோட்டில் நம் கடைக்கு வாருங்கள், ஆளுக்கொரு காலி ஜாடியோடு. உப்பும் கொய்யா இலையும் என் பொறுப்பு. பாப்பாவும் வருவாள், அவள் மாமியாரையும் கூட்டி வருவாள். வர முடியாதவர்கள் உங்கள் கொடி எப்படி இருக்கிறது, எது கசந்தது, எது குழைந்தது என்று கீழே எழுதுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தன் விரலை மடக்கி வைத்துக்கொண்டிருக்கிற குழந்தை இருந்தால், இந்தக் கதையை அதற்குப் படித்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதையும் கூட்டி வாருங்கள். நம் வீட்டு மொட்டை மாடிப் பந்தலில் புதுப் பிஞ்சு விட்டிருக்கிறது. எத்தனை விரலால் வேண்டுமானாலும் காட்டலாம். கிள்ள மட்டும் கூடாது.